மெதுப்பந்தை விற்றது யார்?

பேஸ்போலில் பந்து எறிகிறவனின் தொழிலே, அடுத்துக் கையிலிருந்து என்ன வரப்போகிறது என்பதை ஒளிப்பதுதான். ஒளித்துப் பழகியவனுக்கு ஊரெல்லாம் எதையோ ஒளிக்கிற மாதிரியே தெரியும். உங்களுக்கும் இந்த வியாதி இருந்தால் என் பாடு விளங்கும்.

வெள்ளைத் தூள்

மொன்றியலில் ஒரு சின்னத் தொழில்முறை அணிக்கு எறியத் தொடங்கிய முதல் கோடை. வியர்வையைத் துடைத்தபோது நெற்றித் திருநீறு விரலில் ஒட்டிவிட்டது. பந்தில் எதையும் பூசக்கூடாது என்பது சட்டம். நடுவர் ஓடிவந்து விரல்களை மணந்து பார்த்தார். கோயில் திருநீறு என்று விளக்கினேன். நம்பினாரோ தெரியாது. கை கழுவ அனுப்பிவிட்டுச் சொன்னார்: "உன் கடவுள் நெற்றியிலேயே நிற்கட்டும். பந்துக்கு வர வேண்டாம்."

லூக்கின் மச்சான்

ஐந்தாவது கோடையில் என் மெதுப்பந்தை எல்லாரும் அடித்தார்கள். வேகப்பந்து என்று நினைத்து ஏமாற வேண்டியவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி ஆறுதலாக நின்று அடித்தார்கள். எந்தப் பந்து எறிவது என்று எனக்கு விரலால் சைகை காட்டுகிறவன், எதிரே குந்தியிருந்து பிடிக்கிற லூக். அவனுடைய மச்சான் எதிரணி ஒன்றில் விளையாடினான். சைகைகளை விற்கிறான் என்று சந்தேகிக்க எனக்கு அது போதும். லூக் போனை எடுத்தாலே எட்டிப் பார்த்தேன். அதற்குள் பயிற்சியாளர் கூப்பிட்டார்: "இன்னும் இரண்டு ஆட்டம் பார்ப்போம். பிறகு வேறு வேலை தேட உனக்கு நிறைய நேரம் இருக்கும்."

பரீட்சை

அடுத்த ஆட்டம் அந்த மச்சானின் அணியோடு. லூக் மெதுப்பந்து காட்டினான். தலையாட்டிவிட்டு முழு வேகத்தில் எறிந்தேன். அவன் சைகையை விற்றிருந்தால், அடிக்கிறவன் மெதுப்பந்துக்கு நின்று ஏமாற வேண்டும். அவன் ஏமாறவில்லை. வேகப்பந்துக்கே தயாராக நின்று மட்டையை வீசினான். ஏமாந்தது லூக்தான். மட்டையில் உரசிய பந்து அவன் பெருவிரல் எலும்பை வெடிக்க வைத்தது.

உடை மாற்றும் அறையில் லூக்கிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "நீ என்னிடம் கேட்டிருக்கலாம்."

சுதாவின் கண்

அப்படியென்றால் விற்றது யார்? ஆட்ட வீடியோவைப் பத்துத் தரம் பார்த்தும் பிடிபடவில்லை. கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற என் தங்கை சுதா, தேத்தண்ணியோடு வந்து ஐந்து நிமிடம் பார்த்தாள்.

"அண்ணை, மெதுவா எறியேக்கை மட்டும் உன்ரை கையுறை விரியுது."

எறிவதற்கு முன் பந்தை மற்றக் கையின் கையுறைக்குள் ஒளித்துத்தான், மெதுப்பந்துக்கு விரல்களை அகட்டிப் பிடிப்பேன். அதோடு கையுறையும் அகன்றிருக்கிறது. உனக்கெப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "பிள்ளையள் கைக்குள்ளை இனிப்பை ஒளிச்சாலும் இப்பிடித்தான்."

திரும்பி வந்தவன்

கையுறையை இறுக்கி மூடி எறிந்தேன். அடிக்கிறவர்கள் மறுபடி ஏமாந்தார்கள், வேலை தப்பியது. விரல் ஆறி லூக் திரும்பி வந்த நாளில், இனி நான் காட்டுவதைத்தானே எறிவாய் என்று கேட்டான். தலையாட்டினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்: "தலையாட்டாதே. வாயால் சொல்லு."

ஒன்பது கோடைகள் எறிந்ததில் நான் சந்தேகிக்க மறந்த ஒரே ஆளின் பெயர், என் சட்டை முதுகிலேயே பெரிய எழுத்தில் இருந்தது.