விசிலுக்குள் கேட்ட குரல்

பேய் என்றால் சிரிக்கிற ஆள் நான். இன்றைக்கும் சிரிப்பேன். ஆனால் தொண்ணூற்றேழில், திருவனந்தபுரம் தம்பானூரில், இந்தக் காதால் கேட்டதை மட்டும் யாரும் பொய் என்று சொல்ல விடமாட்டேன்.

விருதுநகரிலிருந்து வயர்லெஸ் ரிப்பேர் வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதலாளி ஞானையன் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். அவர் மகன் சுஜின் தனியாக எடுத்துப் போன படகு பல நாளாகத் திரும்பவில்லை. அதிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையரோ, இடி விழுந்து கருகிவிட்டது. அதை என் மேசையில் வைத்தார்.

"அவனுக்க சத்தத்த ஒரு வாட்டி கேக்க வச்சிரு மக்கா," என்று சொல்லிவிட்டு விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு ஓடினார்.

கருகிய டிரான்சிஸ்டருக்கு மாற்று கடையில் இல்லை. சாதாரண ரேடியோவில் போடுகிறதைப் போட்டேன். படகு வயர்லெஸ்ஸின் உயர்ந்த அலைவரிசைக்கு அது வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் டிவி டியூனரிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினேன். அது ரொம்பத் துடிப்பான ரகம். தன் சத்தத்தைத் தானே வாங்கி ஊத ஆரம்பித்தது.

ஊய்ய்ய்...

விசில் அடங்காமல் எதுவும் கேட்காது. டிரான்சிஸ்டரின் கால்களை ஒட்ட நறுக்கினேன். எர்த்தை மாற்றினேன். அடங்கவில்லை. வெளியே மழை பொழிந்தது. இருக்கன்குடி மாரியை வேண்டினேன். அழுகையே வந்துவிட்டது.

அப்போது... விசிலுக்குள் யாரோ பேசினார்கள்.

"வெள்ளம்..."

இளம் குரல். கரகரத்திருந்தது.

"அப்பா... வெள்ளம்..."

படகுக்குள் கடல் ஏறுகிறது! விழிஞ்ஞம் கடற்கரை டீக்கடைக்குப் போன் போட்டு, படகு மூழ்குவதாக ஞானையனிடம் சொன்னேன். குரல் தெளிவாகட்டும் என்று டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்குப் போகும் கம்பியில், விசிலை அடக்கும் ஒரு சின்ன ஃபெரைட் வளையத்தைக் கோத்தேன்.

விசில் நின்றது.

குரலும் நின்றது.

வளையத்தைப் பிடுங்கினேன். விசில் மட்டும் வந்தது.

பிறகுதான் பார்த்தேன்... ஆண்டெனா வயர் தரையில் கிடந்தது. நான் அதை இணைக்கவே இல்லை.

மறுநாள் படகு கிடைத்தது. எஞ்சின் பழுது. உள்ளே ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லை. தண்ணீர்க் கேன்கள் எல்லாம் காலி. சுஜின் இறந்து இரண்டு நாளாகிவிட்டது என்றார் டாக்டர்.

நான் கேட்ட சொல்லை அப்படியே ஞானையனிடம் சொன்னேன். அவர் படகிலிருந்த காலிக் கேன் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கிய தண்ணி, மக்கா."