ஒச்சாயி ஒட்டிய சிவப்பு அம்பு

ஒச்சாயியின் உயரம் நாலடி நாலு அங்குலம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பதினெட்டு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். அவள் கண்ணுக்கு ஒரு பிசிறு தப்பாது. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது முதலாளி மகுடேஸ்வரன் போட்ட சட்டம்.

அந்த மகுடேஸ்வரன் போன தை மாதம் ஒரு கார் வாங்கினார். காரா அது, சக்கரம் வைத்த மாடி வீடு. அதன் பானெட்டே ஒச்சாயியின் மூக்கு உயரம். "உள்ள உக்கார்றவங்களுக்கு அத்தனை பத்திரமுங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். வெளியே நடப்பவர்களை யார் கேட்டார்கள்? ஒரே மாதத்தில் கம்பெனி வாசலில் இரண்டு முறை அது ஒச்சாயியை இடிக்க வந்தது. மூன்றாம் முறை அவளுடைய சோற்றுத் தூக்குப்போசியை நசுக்கிவிட்டுப் போனது. உயிர் பயத்தில் அழுதுகொண்டே போய் ஆபீசில் சொன்னாள்.

ஆபீசில் தீவிரமாக யோசித்தார்கள். துணிக்கு அளவு போடும் பேட்டர்ன் மாஸ்டர் இஞ்ச் டேப்போடு வந்து முதலில் காரை அளந்தார். பிறகு ஒச்சாயியை அளந்தார்.

"வண்டி கரெக்ட்டா இருக்குதுங்க. இந்தம்மாதான் எட்டு இஞ்ச் ஷார்ட்டுங்க" என்றார்.

ஷார்ட்டான பீஸுக்கு ஆல்ட்டரேஷன் உண்டல்லவா? பானெட்டுக்கு மேலே டிரைவர் கண்ணில் படட்டும் என்று, ஆறடிக் கம்பில் சிவப்புப் பனியன் துணியைக் கட்டிக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டுதான் வாசலில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்றார் மகுடேஸ்வரன். வேறு வழியில்லாமல் அவளும் தூக்கினாள். இது பைத்தியக்காரத்தனம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலாம் நாள் மத்தியானம், நின்றிருந்த காரைச் சுற்றிவந்து ஒச்சாயி செக்கிங் பார்த்தாள். முன்பக்கம், நம்பர் பிளேட்டுக்குக் கீழே, ஒரு அம்பு ஒட்டினாள்.

முதலாளி கிளம்பியபோது செக்யூரிட்டி பெருமாள்சாமி கேட்டைத் திறக்கவில்லை.

"அம்பு இருக்கு சார். நீங்க போட்ட ரூல்தான்."

மகுடேஸ்வரன் கொதித்துப்போய் இறங்கினார். காருக்கு முன்னால் குனிந்து அம்பை உரித்தார். அம்பு போய்விட்டதால் பெருமாள்சாமி கேட்டைத் திறந்தார். கேட் திறந்ததால் டிரைவர் வண்டியை எடுத்தார். சீட்டிலிருந்து அவர் பார்த்தவரைக்கும் பானெட்டுக்கு முன்னால் ஆளே இல்லை.

ஒச்சாயி ஓடிவந்து கம்பால் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். ஒரு சாண் இடைவெளியில் கார் நின்றது. மகுடேஸ்வரன் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அம்பு அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒச்சாயி கம்பை அவரிடம் நீட்டினாள்.

"வண்டி கரெக்ட்டாத்தான் இருக்கு மொதலாளி. நீங்கதான் ஷார்ட்டு."