பிளேன் பொட்டலில் ஸ்கூட்டி பழகியவள்

சுபலட்சுமி ஸ்கூட்டி பழகியபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதற்கு முன் சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

கணவர் மாயக்கண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. பேச்சும் குழறியது. நடைப் பயிற்சிக்கு அவரைக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். பஸ் படியில் ஏற்றி முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு நாத்தனார் விசாலிதான் தன் வண்டியிலேயே பழக்கிவிடுவதாகச் சொன்னாள். ஜவுளிக்கடையில் லீவு கிடைக்கும் நாளில் பிளேன் பொட்டலுக்குப் போகலாம் என்றாள்.

பிளேன் பொட்டல் என்பது ஊருக்கு வெளியே கிடக்கும் பழைய ஓடுதளம். இரண்டாம் உலகப்போரின்போது வெள்ளைக்காரப் படைக்காகப் போட்டது. அதற்கு எடுத்த நிலத்தில் மாயக்கண்ணனின் தாத்தா வைத்திருந்த கடலைக்காடும் போனது. செடி காய் பிடிக்கிற பருவம், பிடுங்கக்கூட விடவில்லையாம். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. கூரையில்லாத செங்கல் அறைகளும் நீளமான தளமும் மிஞ்சின. வெடிப்புகளில் புல் முளைத்தது. ஊர்க்காரர்கள் எள் காயப்போட்டார்கள். அங்கே வரும்போதெல்லாம் மாயக்கண்ணனின் அப்பா ஓரிடத்தில் காலை ஊன்றி, நம்ம காடு இதுக்குக் கீழேதான் என்று மகனிடம் சொல்வாராம்.

நோய் வந்தபின் நொண்டி நடப்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று வாசலுக்கே வராத மனிதர், பொட்டலுக்கு என்றதும் மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறிக்கொண்டார். விசாலி முதலில் அவரைக் கொண்டுபோய் வேப்பமர நிழலில் உட்காரவைத்துவிட்டு, பிறகு வந்து மதினியை அழைத்துப் போவாள்.

மூன்றாவது தடவையோ என்னவோ, சுபலட்சுமி பிரேக் பிடிப்பதற்குப் பதில் ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டாள். வண்டி தளத்தை விட்டு இறங்கிக் கருவேலம் புதரில் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்திருக்கப் போனவள் மரத்தடியைப் பார்த்தாள். மாயக்கண்ணன் மரத்தைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார். பக்கத்தில் கிடந்த ஊன்றுகோலை எடுக்கவில்லை. வலது காலை இழுத்து இழுத்து வர ஆரம்பித்தார்.

தூக்கிவிட ஓடிவந்த விசாலியின் கையை அவள் பிடித்து நிறுத்தினாள்.

"இரு விசாலி. நான் எந்திரிச்சா அங்குட்டே நின்னுருவாக."

வெயிலில், முள் குத்தக் குத்த அப்படியே கிடந்தாள். இரண்டு இடத்தில் அவர் தடுமாறினார். ஆனாலும் வந்து சேர்ந்தார். வேர்த்துக் கொட்டியது. இடது கையை அவளிடம் நீட்டினார்.

"வ...லிக்குதா?"

அவள் தலையாட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

இப்போது ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிப் போகிறாள். சாயங்காலங்களில் இருவரும் ஓடுதளத்தில் நடக்கிறார்கள். போன மாதம் அங்கே யாரோ வந்து அளந்துவிட்டுப் போக, மறுபடி விமானம் வரப்போவதாக ஊரில் பேச்சு. தாத்தா காட்டைத் திரும்பவும் அடைத்துவிடுவார்களே, வருத்தமாக இல்லையா என்று அவரிடம் கேட்டாள்.

"வந்தா வரட்டும்," என்றார். பேச்சு இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. "இந்தத் தடவ... நம்ம சனம் ஏறிப் போகும்ல."

"அப்ப நம்ம எங்குட்டு நடக்கிறதாம்?"

அவர் யோசித்தார். குன்றக்குடியில், கோயிலுக்கு வருகிற கூட்டத்தோடு மலையைச் சுற்றிவர நல்ல பாதை இருக்கிறது என்றார்.