கசடு மூட்டைகள்

எண்ணூர் முகத்துவாரம் மண் மேடிட்டுப் படகு தரைதட்டத் தொடங்கியதும் பொன்னுரங்கம் வலையை விட்டுவிட்டான். சடையங்குப்பம் பக்கம் சாலமோன் நடத்திய குரோம் முலாம் பட்டறையில் சேர்ந்தான். "ஆத்தக் கெடுக்கிறவன்கிட்டயே போய்க் கை கட்டி நிக்கிறியே, வெக்கமா இல்ல?" என்று மச்சான் உதயா நடுத்தெருவில் கேட்டான்.

அவனுக்குக் கிடைத்தது கழிவுநீர்த் தொட்டி வேலை. மஞ்சளாக வரும் தண்ணீரில் மருந்து கலந்தால் பச்சையாகும். சுண்ணாம்பு போட்டால் குரோமிய விஷம் சேறாக அடியில் படியும். தெளிந்த நீர் வாய்க்காலுக்கு. காய்ந்த சேறு மூட்டைக்கு. அந்த வாய்க்கால் போய்ச் சேரும் கழிமுகத்தில்தான் அவன் மனைவி புஷ்பவல்லி, ஓலையில் முடைந்த பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிப்பாள். மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும், தண்ணீர் தெளியாமல் பொன்னுரங்கம் மடையைத் திறந்ததில்லை.

"நான் அங்க கீற வரிக்கும் அந்தத் தண்ணி உன்னாண்ட வராது, புஷ்பா" என்பான்.

அந்த ஐப்பசியில் கொட்டகை கூரைமுட்ட மூட்டைகள் நின்றன. அவற்றை எடுத்துப்போகும் லாரி மாதக்கணக்கில் வரவில்லை.

"மொதலாளி, மழ வந்துகினு கீது. இது பள்ளமான எடம்."

"நான் என்னப்பா செய்ய? இன்னா வாரேன், அன்னா வாரேன்னுதான் லாரிக்காரன் சொல்லுதான்" என்றார் சாலமோன். திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். பொய் சொல்லவில்லை.

லாரிக்கு முன் வெள்ளம் வந்தது. பொன்னுரங்கம் ஓடிப்போய், இடுப்பளவு நீரில் நின்று மூட்டைகளை மேடைக்கு ஏற்றினான். ஊறிய சாக்குகள் கை பட்ட இடத்திலெல்லாம் கிழிந்தன. பச்சைச் சேறு அவன் தொடைகளை உரசிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போயிற்று. தண்ணீரிலிருந்து அவன் பாடுபட்டுப் பிரித்ததெல்லாம் தண்ணீரோடு சேர்ந்துவிட்டது.

"இன்னாய்யா இது, காலெல்லாம் எரிஞ்சி போயிருக்கு?" என்று பதறினாள் புஷ்பவல்லி.

"எல்லாம் பூட்ச்சி. நான் கட்ன மூட்ட, என் கண்ணு முன்னாடியே பூட்ச்சி."

சாலமோன் வைத்தியச் செலவைப் பார்த்துக்கொண்டார். கொட்டகையை உயர்த்திக் கட்டினார். பொன்னுரங்கத்தின் காலில் புண் ஆறி, மறுபடி வெடித்தது. நொண்டிக்கொண்டே தொட்டிக்குத் திரும்பினான்.

தை பிறந்ததும் புஷ்பவல்லி பறியை எடுத்தாள்.

"போவாத."

"வேற எங்க போறது? சொல்லு, போறேன்."



மத்தியானம் அவள் ஈரப்புடவையோடு திரும்பினாள். இறால் நன்றாகக் கிடைத்திருந்தது. வழியிலேயே எல்லாவற்றையும் விற்றுவிட்டாள். வீட்டுக்கு ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. அடுப்பில் பருப்பை ஏற்றினாள்.

பொன்னுரங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. குனிந்து அடுப்பை ஊதினாள்.