விரல்விரி அக்காவின் சுண்டுவிரல்

நீச்சல் குளத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் 'விரல்விரி அக்கா'. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவாள். இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறியோ உரிந்தோ இருந்தால் அன்று தண்ணீர் கிடையாது. பதினொரு வருடத்தில் அவளிடம் கெஞ்சி ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. மேலாளர் மகனையே திருப்பி அனுப்பியவள். மேலாளர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அப்பேர்ப்பட்டவளின் சுண்டுவிரல் இடுக்கு ஒரு நாள் அரித்தது.

நாள் முழுக்க ரப்பர் பூட்ஸோடு தளம் கழுவுகிறவள். உள்ளே புகுந்த தண்ணீரில் சாக்ஸ் சாயங்காலம் வரை ஊறும். வெறும் வறட்சிதான் என்று தனக்குத் தானே ஜாமீன் கொடுத்து, எண்ணெய் தடவிக்கொண்டாள். ஊரார் கால் என்றால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள்.

கையும் களவுமாகப் பிடித்தது பன்னிரண்டு வயது மகள்.

"அம்மா, விரல விரி."

விரித்தாள்.

"சேத்துப்புண்ணு. உள்ள விட முடியாது, கெளம்பு." குரல்கூட அம்மாவுடையதுதான்.

சிரிக்கப் போனவளுக்குச் சட்டென்று போட்டி ஞாபகம் வந்தது. ஏழு வாரத்தில் மகளுக்கு முதல் போட்டி. குளக்கரைக்கு வெறுங்காலோடுதான் போக வேண்டும். கால் ஆறாவிட்டால் மகள் நீந்துவதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்க்கலாம். அந்த விதியை எழுதி ஒட்டியவளே அவள்தான்.

மறுநாளே மேலாளரிடம் உண்மையைச் சொல்லி டிக்கெட் ஜன்னலுக்கு மாறினாள். மருந்துக்கடைக்காரர் இது பூஞ்சை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். தினம் இரண்டு வேளை, இடுக்கை நன்றாகக் காயவைத்துத் தடவ வேண்டும்; தோல் சரியான பிறகும் இரண்டு வாரம் விடக்கூடாது என்றார். பத்தாம் நாள் அரிப்பு நின்றது. ட்யூபை அலமாரிக்குள் வீசிவிட்டு ராணி மாதிரி நடந்தாள். மூன்றாம் வாரம் பூஞ்சை பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது, பக்கத்து விரலுக்கும் சேர்த்து.

"அரிப்பு போச்சுன்னா அது போயிடுச்சுன்னு அர்த்தமில்லம்மா, பதுங்கியிருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்புறம் அவள் விளையாட்டாக இருக்கவில்லை. ஒரு ஜோடி ஷூ காயும்போது இன்னொரு ஜோடி. காலுக்குத் தனித் துண்டு. சாக்ஸுக்கு வெந்நீர். காலையில் முதலில் சாக்ஸ், அப்புறம்தான் உள்ளாடை. இல்லாவிட்டால் காலில் இருப்பது தொடையிடுக்குக்குக் குடியேறிவிடுமாம். அதைக் கேட்டு மகள் தரையில் உருண்டு சிரித்தாள். ஆனால் தினமும் இரண்டு வேளையும் ட்யூபை எடுத்து நீட்டியது அவள்தான்.

போட்டி நாளன்று அவள் காலைத் தூக்கி உட்கார்ந்த பெஞ்சைச் சுற்றி, என்றைக்கோ திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். மேலாளர் மகன் டார்ச்சோடு குனிந்தான். எட்டு இடுக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். சுண்டுவிரலுக்கு இரண்டு முறை போனான்.

"போங்கக்கா," என்றான் கடைசியில், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெறுங்காலோடு ஈரத்தளத்தில் நடந்து போய்த் தண்ணீர் ஓரமாக நின்றாள். மகள் முதல் ஆளாகச் சுவரைத் தொட்டாள். விரல்விரி அக்கா போட்ட கூச்சலில் நடுவரின் விசில்கூடக் கேட்கவில்லை. சொட்டச் சொட்ட ஏறி வந்த பிள்ளையை அப்படியே அணைத்துக்கொண்டாள். பிறகு துண்டை நீட்டினாள்.

"மொதல்ல வெரலுக்கு நடுவுல தொடைடீ."