முழங்கையால் பார்த்த தண்ணீர்

"நூலைக் கடி" என்கிறாள் ரிம்மா.

வந்திருப்பவர் பேருந்து ஓட்டுநர். போட்டிருக்கும் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்குகிறது. கழற்றிக் கொடுக்க நேரமில்லை, வண்டியை எடுக்க வேண்டும். ரிம்மா ஊசியில் நூலைக் கோத்துவிட்டாள். ஆனாலும் தைக்காமல், வேறொரு துண்டு நூலை அவர் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"எதுக்கு இது?"

"நீ உயிரோட இருக்கேன்னு தெரியத்தான். மெல்லு. முழுங்கிடாத."

ஓட்டுநர் மாடு அசைபோடுவதுபோல் மெல்லத் தொடங்கிய பிறகுதான் ஊசி துணியில் இறங்குகிறது. இஸ்ரேலின் கிரியாத் யாமில் கடற்கரைத் தெருவில் இருக்கும் இந்தச் சின்னத் தையல் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். நகராட்சி அதிகாரியும் மென்றிருக்கிறார், யூத மதகுரு ரபியும் மென்றிருக்கிறார். ரிம்மாவின் எபிரேயத்தில் மரியாதை கிடையாது. அந்த மொழியிலேயே கிடையாது என்பது அவளுக்குப் பெரிய சௌகரியம். ருஷ்ய மொழியில் யாரையாவது 'நீங்கள்' என்று சொல்லும்போது மட்டும் குரல் தணிந்து, பழைய ஆசிரியை ஒருத்தி பேசுவதுபோல் ஆகிவிடும்.

நூல் மெல்லும் வழக்கம் சோவியத் நாட்டில், கோமெல் நகரத்தில் அவளுடைய அம்மா கற்றுக்கொடுத்தது. கற்றுக்கொடுத்தது என்று சொல்வதுகூடத் தப்பு. மேலே போட்டபடி எதையாவது தைக்க வேண்டிவந்தால் அம்மா வாயில் நூலைத் திணிப்பாள், காரணம் சொல்லமாட்டாள். ருஷ்யக் கிழவிகளின் மூடநம்பிக்கை என்றுதான் ரிம்மா பாதி ஆயுள் நினைத்திருந்தாள். உடம்பில் வைத்துத் தைப்பது செத்தவர்களுக்கு மட்டும், உயிரோடிருப்பவன் மென்றுகாட்ட வேண்டும், இது யூத வீட்டுப் பழக்கம் என்று இங்கே வந்து வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு நூலைத் தவிர அம்மா எதையும் மிச்சம் வைக்கவில்லை. 'யூதர்' என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. "எங்களுக்கு அது பாஸ்போர்ட்ல இனம்னு போடற அஞ்சாவது வரி, அவ்வளவுதான்" என்பாள் ரிம்மா. "காலேஜ்ல சீட்டு இல்லன்னு சொல்வாங்க பாரு, அப்பத்தான் ஞாபகம் வரும்."

அவளிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. வாடிக்கையாளர் முக்காலியில் ஏறி நிற்கும்போது கத்தரிக்கோல் அந்தப் பக்கம் இருந்தால் அவருக்குக் குறுக்கே கை நீட்டி எடுக்கமாட்டாள். எழுந்து, முழங்கால் வலியோடு சுற்றிப் போய் எடுத்து வருவாள். ஏன் என்று கேட்டால் "உடம்புக்குக் கொழுப்பு குறையட்டுமே" என்று சொல்லிவிடுவாள். உண்மையான காரணம் வேறு. அதைக் கடையில் சொல்ல முடியாது.

ரிம்மா தனியாள். இதில் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஊரார் இடுப்பையும் தோளையும் கணுக்காலையும் தொடுகிறாள். அவளைத் தொட ஆளில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கி ஓய்வுநாள் தொடங்கினால் பேருந்து நின்றுவிடும், கடைகள் மூடிவிடும், ஊரே ஒரு பெரிய சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். மேல்மாடியில் ஒரு குடும்பம் பாடும். ரிம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒருத்திக்கு வாங்கிய மீனை ஒருத்தியாகவே சாப்பிட்டு முடிப்பாள். மறுநாள் மாலைவரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வாடிக்கையாளரிடம் பேசும்போது தொண்டை கரகரக்கும். அவர்களும் சளி என்று நினைத்து மருந்து சொல்வார்கள்.

முன்பெல்லாம் அவள் மேசையில் இரண்டு பேர். மகள் ஸோயா. கைக்குழந்தையாகக் கோமெலிலிருந்து வந்தவள், ரிம்மாவின் புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு நின்றுவிட்டான். கடலோரத்தில் வளர்ந்தும் ஸோயாவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. கோடை உச்சிக்கு வரும்வரை கரையில் நின்று கால் கட்டைவிரலை மட்டும் நனைத்துவிட்டு ஓடிவருவாள். தோழிகள் கேலி செய்வார்கள். வீட்டில் குளிக்கப் போனால் கொதிகலன் காலியாகும்வரை வெளியே வரமாட்டாள். அவள் போன ஸ்கூட்டரை ஒரு லாரி அடித்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

இறந்தவர்களைக் குளிப்பாட்டி அடக்கத்துக்குத் தயார்செய்யும் அடக்கச் சங்கத்தின் கட்டடத்தில், நடைவழியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ரிம்மாவை உட்கார வைத்தார்கள். பார்க்க வேண்டாம் என்றார்கள். தாய் உள்ளே வருவது வழக்கமில்லை என்றார்கள். மகளின் எபிரேயப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று இல்லை. பெண்களின் அறைக்குத் தலைவி சிம்ஹா என்ற மொரோக்கோக்காரி. அந்தப் பெயருக்கு மகிழ்ச்சி என்று பொருள். பெற்றவர்களுக்கு என்ன தெரியும், பிள்ளை இந்த வேலைக்குப் போகுமென்று. ரிம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"குளிப்பாட்டுற தண்ணி சூடா இருக்குமா? அவளுக்குப் பச்சைத் தண்ணி ஆகாது."

"நான் பாத்துக்கறேன், கண்ணு."

கதவு மூடியது. மறுபடி திறந்தபோது சிம்ஹாவின் சட்டைக்கை இரண்டும் முழங்கைவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன. "வெதுவெதுன்னு இருந்துச்சு" என்றாள் அவள். "முழங்கையால பாத்தேன், பச்சப்புள்ளைக்குப் பாக்கற மாதிரி."

ஏழு நாள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்ன ஆறுதலில் ஒன்றுகூட ரிம்மாவுக்குள் இறங்கவில்லை. கடவுளின் திட்டம் என்றவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். ஆனால் அந்த முழங்கை மட்டும் அவளை விடவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, இனி எந்தச் சூடும் குளிரும் படாத ஒரு பெண்ணுக்காக, முழங்கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்ட ஜனமா நாம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. 'நாம்' என்று அவள் நினைத்தது அதுதான் முதல்முறை. குளிர்காலம் கழிந்ததும் சிம்ஹாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நானும் வர்றேன்."

"பிரார்த்தனை ஏதாச்சும் தெரியுமா?"

"தெரியாது. தண்ணிச் சூடு பாக்கத் தெரியும்."

அப்படித்தான் ரிம்மா தண்ணீர்க்காரி ஆனாள். தொலைபேசி வந்தால் கடையைப் பூட்டிக்கொண்டு போவாள். அந்த அறையில் பேச்சு கிடையாது. இறந்தவளின் மேலாக ஒருவருக்கொருவர் எதையும் நீட்டக் கூடாது, சுற்றித்தான் வர வேண்டும். (கத்தரிக்கோல் ரகசியம் இதுதான்.) வெள்ளைக் கோடியை உடுத்திய பிறகு, 'இன்னாரின் மகளே, ஏதும் குறை வைத்திருந்தால் மன்னித்துவிடு' என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். ரிம்மா முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட எபிரேயப் பிரார்த்தனை அதுதான். மற்றவை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. மெழுகுவர்த்தி வந்தது, பன்றி இறைச்சி போனது. "கடவுள் இருக்காரா ரிம்மா?" என்று கடையில் யாராவது சீண்டினால், "அது ரபி வேலை. எனக்குத் தண்ணி வேலை" என்பாள்.

வருடத்தில் ஒருநாள் சங்கத்தார் பகலெல்லாம் உபவாசம் இருந்து, இறந்தவர்களிடம் மொத்தமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, இருட்டியதும் ஒன்றாக உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். வாய் திறக்காமல் வேலை செய்கிறவர்கள் அன்று போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும். அவள் சேர்ந்து மூன்றாவது விருந்து அது. ரபி எழுந்து பேசினார். நகைச்சுவைக்காரர், நன்றாகவே பேசுவார். இடையில் விபத்தில் இறந்தவர்களைப் பற்றிச் சொன்னார். ரத்தம் சிந்தி இறந்தவர்களை நாம் குளிப்பாட்டுவதில்லை, போட்டிருந்த துணியோடே வெள்ளையில் சுற்றிவிடுகிறோம், ஏனென்றால் அந்த ரத்தமும் அவர்களே, அதில் ஒரு துளிகூட நம் கையால் சாக்கடைக்குப் போகக் கூடாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அப்படி இறந்தவர்களின் உடல்கள் பெரும்பாலும் பக்கத்துப் பெருநகரமான ஹைஃபாவுக்குப் போய்விடுவதால், அதுவரை இந்த வழக்கத்தை அறியாத ஒருத்தி மட்டும் அந்த மேசையில் இருந்தாள்.

முள்கரண்டியில் குத்திய மீனோடு ரிம்மா சிம்ஹாவைப் பார்த்தாள். சிம்ஹா உப்புக் குப்பியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். உப்பு அவளுக்கு எதிரிலேயே இருந்தது.

அதன்பிறகு கடையில் தொலைபேசி அடிக்கும், ரிம்மா எடுக்கமாட்டாள். கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை காலம் எத்தனை பேருக்கோ தண்ணீர் பார்த்ததெல்லாம் தன் மகளுக்கு ஒருத்தி பார்த்தாளே என்பதற்காக. அது நடக்கவே இல்லையென்றால் இந்த மெழுகுவர்த்தியும் உபவாசமும் எதன்மேல் நிற்கின்றன? இரண்டு வெள்ளிக்கிழமை விளக்கேற்றவில்லை. மேல்மாடிப் பாட்டு அன்றைக்கெல்லாம் எரிச்சலாக இருந்தது.

பிறகொரு பகலில் சிம்ஹா கடைக்கு வந்தாள். கம்பளிக் கோட்டின் நடுப்பொத்தான் கையில் இருந்தது. கோட்டில் நூல் அறுந்த இடம் கத்தரி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. தையல்காரிக்கா அது தெரியாது.

"கழட்டு" என்றாள் ரிம்மா.

"குளுருது. போட்டபடியே தை."

ரிம்மா ஒரு துண்டு நூலை நீட்டினாள். சிம்ஹா வாங்கி மெல்லத் தொடங்கினாள். வாயில் நூலோடு பேச முடியாது. பேசியது ரிம்மாதான்.

"ஸோயாவை நீங்க குளிப்பாட்டல."

சிம்ஹா மென்றாள்.

"அந்த நீல ஜாக்கெட்டோடயே சுத்தினீங்க. நான் வாங்கிக் குடுத்தது அது. ரெண்டு சைஸ் பெருசு."

சிம்ஹா தலையை அசைத்தாள். கண்ணீர் இறங்கி வாயோரம் நூலில் கலந்தது. ரிம்மா பொத்தானைச் சுற்றி நூலை இறுக்கி, முடிந்து, பல்லால் கடித்து அறுத்தாள். சிம்ஹா வாயிலிருந்து நூலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணே ஒண்ணு கேட்ட, கண்ணு. அதையும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"கை நனைஞ்சிருந்துச்சே."

"குழாய்ல நனைச்சேன்."

"எந்தத் தண்ணில?"

சிம்ஹாவுக்கு அந்தக் கேள்வி விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. "வெந்நீர் வர்ற வரைக்கும் நின்னேன். முழங்கைய வெச்சுப் பாத்தேன். கொஞ்சம் சூடு கூடி இருந்துச்சு, பச்சைத் தண்ணி விட்டுக் கலந்தேன். சொல்லப்போறது பொய்தான். தண்ணியாவது நெசமா இருக்கட்டுமேன்னு."

ரிம்மா கோட்டின் மடிப்பைத் தட்டிவிட்டாள். பொத்தான் சரியாக இருக்கிறதா என்று போட்டுக் கழற்றிப் பார்த்தாள். மறுபடி போட்டாள். அப்போது சிம்ஹா அவளைக் கட்டிக்கொண்டாள். ரிம்மாவின் கைகளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஊசியை மட்டும் பத்திரமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தமுறை தொலைபேசி அடித்தபோது கடையைப் பூட்டிக்கொண்டு போனாள்.

சென்ற குளிர்காலத்தில், மழை விடாமல் பெய்த ஒருநாள், சறுக்கிய காரில் அடிபட்ட ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஹைஃபாவுக்குப் போகும் சாலையில் தண்ணீர், அதனால் இங்கே. நடைவழியில் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் தாய் உட்கார்ந்திருந்தாள். ருஷ்ய மொழிக்காரி. சிம்ஹா ரிம்மாவைப் பார்த்தாள். ரிம்மா போய் அருகில் குனிந்தாள்.

"அவ முடி ரொம்ப நீளம்" என்றாள் அந்தத் தாய். "எல்லாம் ஒட்டிக் காஞ்சிருக்கும். நல்லாக் கழுவிவிடுவீங்கல்ல?"

"நான் பாத்துக்கறேங்க" என்றாள் ரிம்மா.

உள்ளே அன்று தண்ணீருக்கு வேலை இல்லை. வாளி மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மூன்று பேரும் பேச்சில்லாமல், சுற்றிச் சுற்றி நடந்து, வெள்ளைத் துணியைத் துளி சிந்தாமல் சுற்றி முடித்தார்கள். நீள முடியை அப்படியே உள்ளே வைத்தார்கள். பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். கூட வந்த பள்ளி ஆசிரியை தெஹிலா கைகழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனாள். சிம்ஹா பிரார்த்தனைத் தாளை மடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

ரிம்மா குழாயடிக்குப் போனாள். திறந்தாள். முதலில் ஐஸ்போல வந்தது. காத்திருந்தாள். முழங்கையை நீட்டிப் பார்த்தாள், போதவில்லை. இன்னும் நின்றாள். மறுபடி நீட்டினாள், கொஞ்சம் கூடிவிட்டது, பச்சைத் தண்ணீரைக் கலந்தாள். மூன்றாம் முறை முழங்கையை அங்கேயே சற்று வைத்திருந்தாள். பிறகு இரண்டு சட்டைக்கைகளையும் முழங்கைவரை நனைத்துக்கொண்டு, பிழியாமல், சொட்டச் சொட்டப் போய்க் கதவைத் திறந்தாள்.