ஸ்கேன் அறைக்குள் போன் கூடாது

போன வருஷம் சித்திரை வெயிலில் நடந்தது. மதுரை கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறேன். எனக்கு எதையும் துருவிப் பார்க்கிற புத்தி. வீட்டில் எவ்வளவு திட்டு வாங்கியும் அது போகவில்லை.

பக்கத்து மேஜையில் ரிப்போர்ட் டைப் செய்யும் பெண், புதிதாகக் கல்யாணம் ஆனவள். அவள் வீட்டுக்காரர் அடிக்கடி வீடியோ காலில் வருவார். அவள் அதிகம் பேச மாட்டாள். போனைச் சுற்றிக் காட்டுவாள்: சுவர்க் கடிகாரம், என் முகம், காத்திருக்கிறவர்கள், வாசல். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். "மாப்பிள்ளைக்கு உன்னைப் பார்க்காம இருக்க முடியல போல" என்று கிண்டல் செய்வோம். அவளும் சிரிப்பாள். பெண்டாட்டியைப் பார்க்கக் கூப்பிடுகிறவருக்கு எங்கள் சுவர்க் கடிகாரம் எதற்கு? எனக்கு மண்டை குடைந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். நன்றாக டைப் செய்கிறவள், வீடியோ கால் வந்து போனதும் தடுமாறுவாள். ஒரு நாள் இடது கிட்னியில் இருந்த கல்லை வலது கிட்னிக்கு மாற்றிவிட்டாள். கையெழுத்துப் போடும்போது டாக்டரம்மா பிடித்துவிட்டார். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று கறாராகச் சொன்னார்.

அடுத்த வாரம் அவள் வீடியோ காலில் இருந்தபோது எங்கள் அட்டெண்டர் அண்ணன் மேஜையில் டீ வைத்தார். அவர் கை போனில் தெரிந்திருக்கும். மறுநாள் அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஒற்றைக் கையால் டைப் செய்தாள்.

"என்னத்தா ஆச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கிருச்சுக்கா." கையை மடிக்குள் இழுத்துக்கொண்டு, "அண்ணனை என் டேபிள் பக்கம் வர வேணாம்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

கடிகாரம் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இந்த நேரத்தில் இங்கேதான் இருக்கிறேன் என்று தினமும் அவள் சாட்சி காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டரம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேலை போயிருமேக்கா. இங்க இருக்கிற நேரந்தான் நிம்மதியா மூச்சு விடுறேன்" என்று அழுதாள். ரொம்ப யோசித்துத்தான் தலையாட்டினாள்.

நான் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மா எழுந்தார். வெளியே வந்து அவளிடம், "போனை ரிசப்ஷன்ல குடுத்துட்டு ஸ்கேன் ரூமுக்குள்ள வாம்மா" என்றார். எங்கள் ஸ்கேன் அறைக்குள் போன் கூடாது. கூட வருகிற புருஷனோ மாமியாரோ, யாரானாலும் வெளியேதான். கதவு மூடியது.

அவள் போன் என் கையில் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு ரிசப்ஷன் போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர்தான்.

"ஸ்கேன் ரூம்ல இருக்காங்க சார். உள்ள போன் கொண்டுபோக விடமாட்டோம்."

சொன்னது அத்தனையும் உண்மை.

டாக்டரம்மாவின் போனிலிருந்து பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசினார்கள் என்று அவளே பின்னால் சொன்னாள். வேறு என்ன பேசினார்களோ, இதுவரை நான் கேட்கவில்லை. என்னை மாதிரி ஆளுக்கு அது பெரிய சாதனை. அன்று சாயங்காலம் அவள் அம்மா வந்து பரவையில் இருக்கிற தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

வேலை போகவில்லை. பரவையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். அண்ணன் அவள் மேஜையிலேயே டீ வைக்கிறார். கல் எந்தக் கிட்னியில் இருக்கிறதோ, அந்தக் கிட்னியிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது வேலையில் தடுமாறினால், என்ன தப்பு என்று பார்ப்பதற்கு முன்னால், அவர்கள் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து கிளம்பி வந்தார்களோ என்றுதான் என் மனசு துருவுகிறது.